நர்மதைக் கரையில் மஹேஷ்வர்

காசிக்குப் போய் விசுவநாதரைத் தரிசித்து வந்தவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்களேன். கங்கைச் சொம்பை எடுத்துக் காட்டுவார்கள். பெயர் மட்டும் சட்டென்று வாயில் வராது. 1669-ல் ஔரங்கசீப்பின் ஆட்சியில் இடிபட்ட ஆலயத்தை, நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து, 1780-ல் பழைய இடத்துக்குப் பக்கத்தில் எழுப்பியவர் ஒரு பெண். அதுவும் கணவனை இழந்த பெண். ஹோல்கர் வம்சத்து ராணி அகல்யாபாய். அவர் தலைநகராகக் கொண்ட சின்னஞ்சிறு ஊர்தான் மஹேஷ்வர்.

மத்தியப் பிரதேசத்தில், இந்தூருக்குத் தெற்கே சுமார் 90 கிலோ மீட்டரில் இருக்கிறது. இந்தூரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். கோட்டை மதிலின் கீழே அகலமான படித்துறை. படிகள் முடிகிற இடத்தில் நர்மதை. கங்கையும் காவிரியும் கிழக்கே ஓட, இவள் மேற்கே ஓடுகிறவள். இவள் மடியில் கிடைக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் சிவலிங்கம் என்பது நம்பிக்கை. நம் வீட்டுப் பூஜையில் இருக்கும் பாணலிங்கம் இந்த ஆற்றிலிருந்து வந்ததுதான். நதியை வலப்புறமாக வைத்துக் கால்நடையாகவே முழுவதும் சுற்றி வரும் பரிக்கிரமா யாத்திரிகர்களை இந்தப் படிகளில் காணலாம்.

ஆயிரம் கைகளால் நதியையே தடுத்து நிறுத்திய கார்த்தவீரியார்ஜுனனின் மாஹிஷ்மதி நகரம் இதுதான் என்கிறார்கள். ஆதிசங்கரரும் மண்டனமிசிரரும் வாதம் செய்ய, மண்டனரின் மனைவி உபயபாரதி நடுவராக அமர்ந்த ஊரும் அதே மாஹிஷ்மதிதான். அந்தப் பெருமைக்கு வேறு சில ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. அந்தச் சண்டை நமக்கெதற்கு? கணவருக்கு எதிரே நடுநிலை தவறாத ஒரு பெண்மணியை எந்த ஊர்தான் விட்டுக் கொடுக்கும்!

அகல்யாவின் கதைக்கு வருவோம். 1754-ல் கும்பேர்க் கோட்டை முற்றுகையில் அவர் கணவர் கண்டேராவ் மாண்டார். அக்கால வழக்கப்படி உடன்கட்டை ஏற அகல்யா ஆயத்தமானார். மாமனார் மல்ஹர்ராவ் ஹோல்கர் அழுது மன்றாடித் தடுத்தார். மருமகளுக்கு ராஜ்ய நிர்வாகம் கற்பித்ததும் அவர்தான். 1766-ல் மாமனார் மறைந்தார். மறு வருஷமே மகன் மாலேராவும் போய்விட்டான். 1767-ல் பொறுப்பேற்ற அகல்யா, 1795-ல் கண் மூடும் வரை ஆண்டார். காசி மட்டுமா? கயையில் விஷ்ணுபாதக் கோயிலும் சோமநாதத்தில் ஓர் ஆலயமும் அவர் கட்டியவையே. மாமனார் அன்று தடுத்திராவிட்டால் இவற்றில் ஒன்றாவது எழுந்திருக்குமா?

ஆனால், தமக்குக் கிடைத்த அந்த வாழ்வை மகளுக்கு அளிக்க அவரால் முடியவில்லை. 1791-ல் மகள் முக்தாபாயின் கணவர் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் முக்தாவின் ஒரே பிள்ளை மறைந்திருந்தான். மகள் சிதையேறத் துணிந்தாள். நாட்டையே ஆண்ட ராணி, பெற்ற மகளின் காலடியில் விழுந்து கெஞ்சினார். மகள் கேட்கவில்லை. தாய் நர்மதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. இருவர் அவர் கைகளைப் பிடித்துக் கொண்டிருந்தார்களாம். பிறகு மூன்று நாள் உணவுமில்லை, பேச்சுமில்லை என்று 1823-ல் வெளியான தம் நூலில் ஜான் மால்கம் எழுதியிருக்கிறார். கட்டளையிட்டுத் தடுத்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் ராணிக்கும் மேலாக வழக்கம் ஆண்டது.

அந்தத் தாய் வாழ்ந்த வீட்டைக் கோட்டைக்குள் பார்க்கலாம். அரண்மனை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். மரத் தூண்கள் நிறுத்திய தாழ்வாரம், தரையில் வெள்ளை மெத்தை விரித்த ஆசனம், அவ்வளவுதான். பக்கத்தில் பூஜை அறை. களிமண்ணில் சிறு சிறு லிங்கங்கள் பிடித்து அர்ச்சித்து, பிறகு நர்மதையில் கரைத்துவிடும் வழிபாடு அவர் காலம் முதல் நடந்து வருகிறது. ராஜராஜேசுவரர் ஆலயத்தில் பதினொரு நெய்விளக்குகள் அணையாமல் எரிகின்றன.

புடவையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். வெளியூர் நெசவாளர்களை அழைத்து வந்து குடியேற்றி மஹேஷ்வரி நெசவை வளர்த்ததும் அகல்யாதான். நடுவில் அது நலிந்து போயிற்று. 1970-களின் கடைசியில் ஹோல்கர் குடும்பத்து ரிச்சர்டும் ஸாலியும் ‘ரேவா சொஸைட்டி’யை ஆரம்பித்து, பெண்களுக்குத் தறி கொடுத்து மீட்டார்கள். ரேவா என்பது நர்மதையின் மறு பெயர். பாவு பட்டு, ஊடை பருத்தி. அதனால் உடம்பில் கனம் தெரியாது. கரையில் ஓடும் கோலங்கள் கோட்டைச் சுவரிலும் கோயில் கல்லிலும் செதுக்கியவையே. வாங்குவதானால் புடவையைத் திருப்பிப் பாருங்கள்: அசல் மஹேஷ்வரிக் கரைக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமில்லை, எப்படியும் உடுத்தலாம்.