வளர்ப்பு ஆமைக்குப் புல்தான் விருந்து

வாழைப்பழத் துண்டைக் காட்டினால் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று வரும். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே பல வீடுகளில் தினமும் பழம் போடுகிறார்கள். கூடவே சோறு, இட்லி, பிஸ்கட், நாய்க்கு வாங்கிய தீவனம் என்று பட்டியல் நீள்கிறது. ஆமை எல்லாவற்றையும் தின்னும். தின்கிறது என்பதாலேயே அது அதற்கு ஏற்ற உணவு ஆகிவிடாது. ஒவ்வாத தீனி தின்ற நாய் பெரும்பாலும் அன்றைக்கே வாந்தி எடுத்துக் காட்டிவிடும். ஆமையின் உடலிலோ கேடு மாதக்கணக்கில் சேர்ந்து, ஓடு கோணலான பிறகே நம் கண்ணில் படும். அப்போது சரிசெய்வது கடினம். அதனால்தான் தீனி விஷயத்தில் முன்கூட்டியே கவனம் வேண்டும்.

முதலில் சட்டம்

உங்களிடம் இருப்பது எந்த ஆமை? கறுத்த ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரிந்திருந்தால் அது இந்திய நட்சத்திர ஆமை. நம் வறண்ட புதர்க்காடுகளுக்கு உரிய உயிர். 'வீட்டுக்கு அதிர்ஷ்டம்' என்று சொல்லி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. அதை விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். ஏற்கெனவே கையில் இருந்தால், அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை. ஏதோ ஒரு காட்டில் கொண்டுபோய் விடுவது ஆமைக்கும் நல்லதல்ல, அங்கே வாழும் மற்ற உயிர்களுக்கும் நல்லதல்ல.

வெளிநாட்டு இனங்களில் இங்கே பலரும் வளர்ப்பது சல்காட்டா ஆமை. சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வாங்குவது, 40 கிலோவையும் தாண்டி வளரும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். இதை வளர்ப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாட்களுக்குள் பதிவு அவசியம். ஆமை கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் உரிய ஆவணங்களைக் கேட்பது உங்கள் உரிமை. தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

ஆமைக்கும் உரிமை உண்டு. வளர்ப்புப் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இடமும் தராமல் விடுவது, 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

புல்லுக்காக அமைந்த வயிறு

சல்காட்டாவின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. இனிப்பான பழம் அந்த நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைக்கும். கழிச்சல் வரும், குடல் ஒட்டுண்ணிகள் பெருகும். எனவே இதன் தீனியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புல்லும் உலர்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். அருகம்புல் நல்ல தேர்வு. மருந்து அடிக்காத இடத்தில் அறுத்ததாக இருக்கட்டும். சாலையோரப் புல், வயல் வரப்புப் புல் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

மீதிப் பங்குக்குச் செம்பருத்தி இலை, மல்பெரி இலை, அவ்வப்போது சிறிது முருங்கைக்கீரை தரலாம். குதிரைமசாலில் புரதம் அதிகம் என்பதால் சிறிதளவே போதும்.

சுண்ணாம்புச்சத்து இல்லாமல் ஓடு உறுதிப்படாது. உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பறவைத் தீவனக் கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கழுவி வைத்தால், தேவைப்படும்போது ஆமையே கடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கால்சியம் உடலில் சேர வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். திறந்த வெளியில், ஒதுங்க நிழலும் உள்ள இடத்தில், காலை வெயில் படட்டும். குட்டிகளை வாரத்தில் சில நாட்கள், கழுத்துக்குக் கீழே நிற்கும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் விடுங்கள். உடலில் நீர் வற்றினால் சிறுநீர்ப்பையில் கற்கள் உருவாகலாம். குட்டிப் பருவத்தில் ஈரப்பதம் குறைந்தாலும் ஓடு மேடுமேடாகப் புடைக்கும்.

ஆசைக்கு என்ன தரலாம்?

செம்பருத்திப் பூ, மருந்து தெளிக்காத ரோஜா இதழ், முள்ளும் நுண்முள்ளும் முழுதாக நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், சிறு பூசணித் துண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றை வாரத்துக்கு ஓரிரு முறை கொடுக்கலாம். கடையில் வாங்கிய மாலைப் பூக்கள் வேண்டாம், பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். பழத்தைச் சல்காட்டாவுக்குத் தராமல் இருப்பதே நல்லது. ஆனால் தென் அமெரிக்கச் செங்கால் ஆமை காட்டிலேயே பழம் தின்று வாழ்வது. நீரில் வாழும் செங்காது ஆமைக்குப் புரத உணவும் வேண்டும். ஒன்றின் தீனி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தரக் கூடாதவை

- சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், முட்டை, இறைச்சி, நாய்-பூனைத் தீவனம்.
- வெங்காயம், பூண்டு, அவகாடோ, எலுமிச்சை வகைகள்.
- பாலக், தண்டுக்கீரை, பீட்ரூட் இலை ஆகியவற்றை அன்றாடத் தீனியாக்கக் கூடாது. இவற்றிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.
- முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் தொடர்ந்து தந்தால் தைராய்டு பாதிக்கப்படலாம்.
- அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி ஆகியவை நஞ்சு. ஆமை உலவும் தோட்டத்தில் இவை இருக்கவே கூடாது. பிளாஸ்டிக் துண்டுகளையும் அகற்றுங்கள். பளிச்சென்ற நிறத்தைப் பூவென்று நினைத்து விழுங்கிவிடும்.

நோய் தெரிந்தால்

ஓடு அழுத்தினால் அமுங்குவது, பின்னங்கால்களை இழுத்து நடப்பது, கண் வீக்கம், மூக்கில் குமிழி, தொடர் கழிச்சல், சிறுநீரில் மணல்போல வெள்ளைத் துகள், சில நாட்களாகத் தீனி எடுக்காமை. இவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீர்ப்பைக் கல்லும் எலும்புத் தேய்வும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நச்சுச் செடியைத் தின்றிருந்தால் அதன் ஒரு கிளையையும் எடுத்துச் செல்லுங்கள்.

கைவைத்தியம் வேண்டாம். குறிப்பாக, மாட்டுக்கும் நாய்க்கும் தரும் ஐவர்மெக்டின் மருந்தை ஆமைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது ஆமையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிரையே பறித்துவிடும்.

வளர்க்க முடியாத நிலை வந்தால் குளத்திலோ கோயில் தெப்பக்குளத்திலோ காட்டிலோ விடாதீர்கள். வெளிநாட்டு ஆமை நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறிக்கும். முறையாகப் பதிவை மாற்றி, வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்; வழி தெரியாவிட்டால் வனத்துறையைக் கேளுங்கள். இன்றே செய்ய வேண்டியவை மூன்று: ஆமையின் இனத்தை உறுதிசெய்யுங்கள், பதிவுச் சான்றைச் சரிபாருங்கள், சல்காட்டா என்றால் தீனித் தட்டிலிருந்து பழத்தையும் சோற்றையும் எடுத்துவிட்டுப் புல்லை நிரப்புங்கள்.