மெருகுக் கலையும் அதைக் காக்கும் சட்டங்களும்: ஜப்பானின் அனுபவம்

மரபுவழிக் கைத்தொழில்களைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், ஒரு கைத்தொழிலைக் காப்பது என்றால் அதில் எதைக் காப்பது என்ற வினா எழும்போது விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. செய்து முடித்த பொருளையா, அதைச் செய்யும் கலைஞரையா, அவருக்கு வேண்டிய மூலப்பொருளையா, கருவியையா, அல்லது அப்பொருளை விலை கொடுத்து வாங்கும் சந்தையையா? கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பான் இவ்வினாவுக்குப் படிப்படியாக விடை தேடி வந்துள்ளது. அந்நாட்டின் உருஷி மெருகுத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த அனுபவத்தைக் காண்பது பயனுடையதாகும்.

உருஷி என்பது யாது?

நம் நாட்டில் அரக்கு என்று வழங்குவது ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசினாகும். கிழக்காசிய நாடுகளில் மெருகுக்குப் பயன்படும் பொருளோ மரத்தின் பால். சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் வளரும் இம்மரத்தை ஜப்பானியர் உருஷி என்பர். அதன் பாலுக்கும் அதே பெயர். மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. சேராங்கொட்டையின் சாறும் முந்திரிக்கொட்டையின் எண்ணெயும் தோலைப் புண்ணாக்குவது போலவே, பச்சை உருஷிப் பாலும் உடலில் பட்டால் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஆனால் முழுவதும் இறுகிய பின்னர் அது எத்தீங்கும் செய்யாது. அமிலம், காரம், கொதிநீர் ஆகியவற்றைத் தாங்கும். உணவு உண்ணும் கிண்ணங்களுக்கே அது பூசப்படுகிறது.

இப்பால் இறுகும் முறையும் வியப்புக்குரியது. சாதாரண வண்ணப் பூச்சுகள் உலர்ந்த காற்றில் காயும். உருஷிக்கோ ஈரமான காற்று வேண்டும். அதிலுள்ள லாக்கேஸ் என்னும் நொதி, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு பாலைக் கெட்டிப்படுத்துகிறது. இதற்கு 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. எனவே, பூசிய பொருள்களை ஈரமூட்டிய மர அலமாரிகளில் வைத்து இறுக விடுகின்றனர். இந்த நொதியின் செயலை 1883ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலறிஞர் யோஷிதா, உருஷிப் பாலை ஆராய்ந்தபோது கண்டறிந்தார். நொதியியல் வரலாற்றில் இது ஒரு முக்கிய நிகழ்ச்சியாகும்.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்னுமிடத்து அகழாய்வில் கிடைத்த சிவப்பு மெருகிட்ட மரக்கிண்ணம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் பழமையுடையது. பின்னர் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனி வழியை வகுத்துக் கொண்டது. பல அடுக்குகளாகப் பூசிய மெருகின் மேல் சிற்பம் செதுக்குவதில் சீனரும், முத்துச்சிப்பித் துண்டுகளைப் பதிப்பதில் கொரியரும், ஈரமான மெருகின்மேல் பொற்பொடி தூவி ஓவியம் தீட்டுவதில் ஜப்பானியரும் சிறந்து விளங்கினர்.

வாஜிமா நகரின் தொழில்முறை

ஜப்பானில் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று, இஷிகாவா மாகாணத்தில் நோட்டோ தீபகற்பத்தின் வடகரையில் உள்ள வாஜிமா நகரம். இங்குச் செய்யப்படும் கிண்ணங்களும் தட்டுகளும் உறுதிக்குப் பெயர் போனவை. மரத்தின் மெல்லிய விளிம்புகளில் உருஷி கொண்டு துணி ஒட்டப்படுகிறது. அதன்மேல், அவ்வூர்ப் பகுதியில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி, உருஷியோடும் அரிசிப் பசையோடும் குழைத்து அடித்தளமாகப் பூசுகின்றனர். நுண்ணிய பாசிகளின் ஓடுகள் பன்னெடுங்காலம் படிந்து உண்டான மண் அது. அதன் நுண்துளைகளில் உருஷி ஊறி இறுகுவதால் பூச்சு கல்லைப் போல் உறுதி பெறுகிறது.

மரத்துண்டு ஒரு கிண்ணமாக உருவாகி முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடக்கிறது. இவற்றை ஒருவரே செய்வதில்லை. மரத்தைக் கடைபவர், அடிப்பூச்சுப் பூசுபவர், தேய்த்து வழவழப்பாக்குபவர், மேற்பூச்சுப் பூசுபவர், பொன்னால் சித்திரம் வரைபவர் எனத் தொழில் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. இவர்களை ஒருங்கிணைத்து, பொருளை நாடெங்கும் கொண்டு சென்று விற்பவர் மெருகு வணிகர். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கிண்ணம் முழுமை பெறாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே பின்வரும் சட்டங்களை மதிப்பிட வேண்டும்.

முதற்படி: கலைஞருக்குச் சிறப்பு

1949ஆம் ஆண்டு ஜனவரியில், ஹோர்யூஜி ஆலயத்தின் பொன்மண்டபத்தில் ஏற்பட்ட தீ பழமையான சுவரோவியங்களைப் பாழாக்கியது. நாட்டை உலுக்கிய இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து 1950இல் பண்பாட்டுச் செல்வங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம், சிலை போன்ற கண்ணுக்குத் தெரியும் செல்வங்களோடு, கைத்திறன், இசை, நாடகம் போன்ற உருவமற்ற செல்வங்களையும் பாதுகாப்புக்கு உரியவையாக அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. இது அக்காலத்தில் ஒரு புதுமையாகும்.

1954இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, திறனைக் கைவரப் பெற்றவர்களை அரசு ஏற்பளிக்கும் முறை வந்தது. மக்கள் இவர்களை ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என அழைக்கின்றனர். 1955இல் முதன்முதலாக ஏற்பளிக்கப்பட்டவர்களுள் பொற்பொடி ஓவியத்தில் வல்லவரான மாட்சுதா கோன்ரோக்கு, மெருகில் கீறிப் பொன் நிரப்பும் கலையில் வல்லவரான வாஜிமாவின் மாஏ தைஹோ ஆகியோரும் இருந்தனர். ஏற்புப் பெற்றவருக்கு இப்போது ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை வழங்கப்படுகிறது. இது வெறும் பரிசன்று. திறனை மெருகேற்றவும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கவும் அளிக்கப்படுவதாகும்.

தனி ஒருவர் திறனாக இல்லாமல் பலர் கூடிச் செய்யும் தொழில்களுக்கு, அவற்றைப் பேணும் குழுவே ஏற்புப் பெறுகிறது. வாஜிமா மெருகு 1977இல் இவ்வாறு ஏற்பளிக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1967இல், வாஜிமாவில் மெருகுக் கலைப் பயிற்சி நிலையமும் தொடங்கப்பட்டிருந்தது.

இரண்டாம் படி: தொழிலுக்கு ஊக்கம்

சிறந்த கலைஞர் சிலரைப் போற்றினால் மட்டும் ஊர் முழுதும் பிழைத்துவிடாது. 1950களிலும் 1960களிலும் ஜப்பானின் தொழில் வளர்ச்சி பெருகப் பெருக, பிளாஸ்டிக் கிண்ணங்களும் இயந்திரப் பொருள்களும் இல்லங்களை நிறைத்தன. இளைஞர்கள் ஆலைகளை நாடிச் சென்றனர். இந்நிலையில் 1974இல் மரபுவழிக் கைவினைத் தொழில் ஊக்குவிப்புச் சட்டம் வந்தது.

இச்சட்டத்தின் கீழ் ஒரு கைவினைப் பொருள் ஏற்புப் பெற ஐந்து நிபந்தனைகள் உள்ளன. அது பெரும்பாலும் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும். தயாரிப்பின் முக்கியப் பகுதி கையால் செய்யப்பட வேண்டும். தொழில்நுட்பம் மரபு வழி வந்ததாக இருக்க வேண்டும். மூலப்பொருளும் மரபு வழி வந்ததாக இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் கணிசமான எண்ணிக்கையினர் அத்தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும். மரபு என்பதற்கு நூறாண்டு என்பது நடைமுறை அளவுகோல். பத்துக்குக் குறையாத நிறுவனங்களோ முப்பதுக்குக் குறையாத தொழிலாளரோ இருப்பது வட்டாரத் தொழிலுக்கு அளவுகோல். இன்று 240க்கும் மேற்பட்ட பொருள்கள் இந்த ஏற்பைப் பெற்றுள்ளன. பன்னிரண்டு ஆண்டுக்குக் குறையாத அனுபவமுள்ளோர் தேர்வெழுதி ‘மரபுக் கைவினைஞர்’ என்னும் தகுதியைப் பெறலாம்.

முதல் நிபந்தனை கருதத்தக்கது. அரும்பொருட்காட்சியகத்துக்கு உரியதன்று, வீட்டுக்கு உரியதே கைவினை என்னும் எண்ணம் அதில் பொதிந்துள்ளது. பெயர் தெரியாத கைவினைஞர் செய்த அன்றாடப் பொருள்களின் அழகை எடுத்துரைத்து, 1936இல் டோக்கியோவில் மக்கள் கைவினைக் காட்சியகத்தை நிறுவிய யானாகி சோயெட்சு போன்றோர் இத்தகைய எண்ணத்துக்கு முன்பே வித்திட்டிருந்தனர்.

மூன்றாம் படி: கருவியும் மூலப்பொருளும்

கலைஞரும் தொழிலும் இருந்தும், தூரிகை செய்பவர் இல்லாவிட்டால் என் செய்வது? உருஷி பூசும் தூரிகை மனித முடியால் செய்யப்படுவது. அதைச் செய்வதே ஒரு தனிக்கலை. பால் எடுக்கும் கத்தியும் அவ்வாறே. 1975இல் பண்பாட்டுச் செல்வங்கள் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, இத்தகைய கருவிகளையும் மூலப்பொருள்களையும் செய்யும் திறன்களைத் தேர்ந்து பாதுகாக்கும் முறை உருவாக்கப்பட்டது. மேடையில் தோன்றாதவர்களையும் சட்டத்தின் கண் காணத் தொடங்கியது எனலாம்.

ஆயினும் மிகப் பெரிய இடர்ப்பாடு மரத்திலேயே இருந்தது. உருஷி மரத்தை நட்டுப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்னர் ஜூன் தொடங்கி இலையுதிர்காலம் வரை, சில நாள்களுக்கு ஒருமுறை பட்டையைக் கீறிப் பால் சேர்க்கின்றனர். ஒரு மரம் அப்பருவம் முழுதும் தருவது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் மட்டுமே. அதன்பின் மரம் வெட்டப்படுகிறது. வேரிலிருந்து புதுத் தளிர் எழுகிறது. இவ்வளவு உழைப்புடைய உள்நாட்டுப் பால், சீனாவிலிருந்து வந்த விலை குறைந்த பாலோடு போட்டியிட இயலவில்லை. நாட்டின் தேவையில் மிகச் சிறு பகுதியே உள்நாட்டில் கிடைக்கும் நிலை ஏற்பட்டது. அதிலும் பெரும்பகுதி இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி என்னும் ஒரே வட்டாரத்திலிருந்து வருவது.

2015இல் ஜப்பானியப் பண்பாட்டு முகமை, தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் செல்வங்களாகவும் குறிக்கப்பட்ட கட்டடங்களைப் பழுதுபார்க்க இயன்றவரை உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என முடிவு செய்தது. இதற்கு ஆண்டுக்குச் சராசரி 2.2 டன் பால் தேவை என மதிப்பிடப்பட்டது. ஒரு மரத்துக்கு 200 கிராம் எனக் கொண்டால், இது ஆண்டுக்குச் சுமார் 11,000 மரங்களின் விளைவாகும். மரம் முதிரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆவதால், தேவை தடையின்றி நிறைவேற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பல்வேறு வயதில் எப்போதும் வளர்ந்து கொண்டிருக்க வேண்டும். அரசே உறுதியான வாங்குநராக முன்வந்தாலன்றி எந்த விவசாயி பதினைந்து ஆண்டு காத்திருக்கும் மரத்தை நடுவார்? திட்டமிடுதலின் இன்றியமையாமையை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

சட்டங்கள் செய்ய முடிந்ததும் முடியாததும்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் தொழில் சுருங்கியே வந்துள்ளது என்பதை மறைத்தல் ஆகாது. ஏற்புப் பெற்ற மரபுக் கைவினைப் பொருள்களின் உற்பத்தி மதிப்பு 1980களின் முற்பகுதியில் சுமார் 54,000 கோடி யென்னாக இருந்தது. 2016இல் 10,000 கோடி யென்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. வாஜிமா மெருகின் விற்பனை 1991இல் சுமார் 1,800 கோடி யென்னாக உச்சத்தை எட்டியது. 2020களின் தொடக்கத்தில் அதில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. வீடுகள் சிறுத்தன, விருந்து முறைகள் மாறின, கையால் கழுவ வேண்டிய கிண்ணத்தை விட இயந்திரத்தில் கழுவக் கூடிய தட்டையே பலர் விரும்பினர். வாங்கும் விருப்பத்தை எந்தச் சட்டமும் ஆணையிட்டு உண்டாக்க முடியாது.

இத்தகைய நிலையில்தான் 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. வாஜிமாவின் புகழ்பெற்ற காலைச் சந்தைப் பகுதியில் மூண்ட தீயில் 200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பட்டறைகள் சாய்ந்தன, கருவிகளும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மரங்களும் இடிபாடுகளில் புதைந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழையும் வெள்ளமும் அப்பகுதியை மீண்டும் துன்புறுத்தின. கைவினைஞர் வேலையைத் தொடர்வதற்காகத் தற்காலிகப் பட்டறைகள் அமைக்கப்பட்டன. ஆனால் முதியவர்கள் பலர் உள்ள தொழிலில், ஊரை விட்டுச் சென்றவர் எல்லோரும் திரும்புவர் என்று எண்ணுவதற்கில்லை. பணி பலரிடம் பிரிந்து கிடக்கும் தொழிலில், கடைபவர் ஒருவர் திரும்பாவிட்டால் அவரை நம்பிய பூச்சுக்காரரின் வேலையும் நின்றுவிடும்.

நாம் கருத வேண்டியவை

கிழக்காசியாவின் பிற நாடுகளும் இதே போன்ற வழியில் சென்றுள்ளன. கொரியக் குடியரசு 1962இல் தன் பண்பாட்டுச் செல்வங்கள் சட்டத்தை இயற்றியது. சீனா 2011இல் உருவமற்ற பண்பாட்டு மரபுக்கெனத் தனிச் சட்டம் கொண்டு வந்தது.

நம் நாட்டில் 1952இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைக்கப்பட்டது; அது 2020இல் கலைக்கப்பட்டது. 1965 முதல் தலைசிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருதுகள் வழங்கப்பட்டு வருகின்றன. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, ஊர்ப்பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வழி செய்தது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைச் சார்ந்தோருக்குப் பயிற்சியும், கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை உதவியும் அளிக்க வகை செய்தது. அப்பட்டியலில் சுத்தியலும் கருவிகளும் செய்வோர் இடம் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஜப்பானின் அனுபவம் இவ்வழியில் இன்னும் செல்ல வேண்டிய தொலைவைக் காட்டுகிறது. விருது கலைஞருக்குப் பெருமை தரும். குறியீடு பொருளுக்குப் பாதுகாப்புத் தரும். எனினும், ஒரு தொழிலின் நிலையை ஆராயும் அதிகாரி முதலில் அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்: மூலப்பொருள் எங்கே விளைகிறது, அதை விளைவிப்போர் எத்தனை பேர், கருவி செய்பவரின் வயது என்ன, அவரிடம் கற்பவர் உண்டா, பொருளை அன்றாடம் பயன்படுத்துவோர் யார்? இவற்றுள் மிக மெலிந்த கண்ணி எதுவோ அங்கேதான் உதவி முதலில் சென்று சேர வேண்டும். ஜப்பான் இதைப் பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகக் கற்றது. அதன் அனுபவம் கண்முன் இருக்கும்போது, நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.