ஃபியூயல் செல்லுக்குள்ளே ஒரு ஒகேனக்கல்

ஒகேனக்கல் டூர் போனவங்களுக்கு எண்ணெய் மசாஜும் மீன் வறுவலும் பரிசலும் மறக்காது. பரிசலில் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? காவிரி அங்கே ஒரே ஆறாக ஓடுவதில்லை. பாறை எங்கே வழி விடுதோ அங்கே புகுந்து, பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. பக்கத்துப் பாறை காய்ந்தே கிடக்கும். ஆனால் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் அருவிகளே வெள்ளத்தில் மூழ்கிவிடும், பரிசலுக்கும் தடை வந்துவிடும்.

இந்த இரண்டு காட்சியும் ஹைட்ரஜன் ஃபியூயல் செல்லுக்குள்ளும் நடக்குது. இடம்தான் ரொம்பச் சின்னது: சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கார்பன் தாள்.

முதலில் அடிப்படை. செல்லின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு பாலிமர் மெம்பிரேன். ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை இழந்து புரோட்டானாகி மெம்பிரேன் வழியாகப் போகும். எலக்ட்ரான் வெளியே ஒயர் வழியாகச் சுற்றிப் போகும், அதுதான் நமக்குக் கிடைக்கும் கரண்ட். காற்றுப் பக்கத்தில் இவை ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. புகை கிடையாது.

அந்தத் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ! சிக்கலும் இங்கேதான். மெம்பிரேன் ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் நகரும். காய்ந்தால் மின்தடை ஏறும். தண்ணீர் அதிகமானால் கார்பன் தாளின் துளைகள் அடைபட்டு, ஆக்சிஜன் உள்ளே வர வழியிருக்காது. வோல்டேஜ் சரியும், செல் சீக்கிரம் பழுதாகும். இந்த நிலைக்குத் துறையில் வைத்திருக்கும் பெயரே ‘வெள்ளம்’தான்.

சரி, தண்ணீர் எங்கே தேங்குதுன்னு எப்படிப் பார்ப்பது? செல்லைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும். கண்ணாடி ஜன்னல் வைத்தால் வாயு ஓடும் கால்வாய் மட்டும்தான் தெரியும், தாளின் உள்பக்கம் தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரே.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று தெரியும். இங்கே அந்த வசதி இல்லை. கார்பன், தண்ணீர் இரண்டுமே எக்ஸ்ரேயைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். அதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு: முதலில் காய்ந்த செல்லை ஒரு படம், பிறகு ஓடும் செல்லை ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது தண்ணீர்! செல்லைச் சுழற்றி, பல கோணங்களில் எடுத்துச் சேர்த்தால் சிடி ஸ்கேன் மாதிரி முப்பரிமாணப் படம். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் சின்க்ரோட்ரான் ஒளியை வைத்து, சில மில்லிமீட்டர் அளவு செல்களில் இதைச் செய்கிறார்கள். ஒரு முழு ஸ்கேனை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

படத்தில் தெரிவது அப்படியே ஒகேனக்கல்தான். தண்ணீர் தாள் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. தாளில் டெஃப்லான் பூசியிருப்பதால், துளை எவ்வளவு சிறியதோ உள்ளே நுழைய அவ்வளவு அழுத்தம் வேண்டும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த கேப்பிலரி சமாச்சாரமேதான். அதனால் பெரிய துளைகளைத் தேடி விரல் விரலாகப் பிரிந்து போகும். மற்ற துளைகள் காற்றுக்குத் திறந்தே இருக்கும். இது தெரிந்த பிறகு, ‘வழியை நாமே போட்டுக் கொடுப்போமே’ என்று லேசரால் தாளில் துளையிட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எக்ஸ்ரே அதிகம் பட்டால் மெம்பிரேன் பாலிமர் சிதையும், டெஃப்லான் பூச்சின் நீர்விலக்கும் குணமும் குறையும். அப்புறம் நாம் பார்ப்பது செல்லின் இயல்பா, நாம் செய்த சேதமா? அதனால்தான் தேவையான நேரம் மட்டும் கதிரைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் கணக்கு வைக்கிறார்கள்.

‘இதெல்லாம் வெளிநாட்டு விஷயம்’னு ஒதுக்காதீங்க. ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃபியூயல் செல் மையம் சென்னையில், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவிலேயே இருக்கு. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் ஃபியூயல் செல் படகு 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தூரில் உள்ள 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் எக்ஸ்ரே இமேஜிங்குக்கென்றே தனி பீம்லைன் உண்டு.

அதுவரை ஹாஸ்டலிலேயே தொடங்கலாம். செல்போனை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து, காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒரு படம் எடுங்க. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு படம். இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்க. போன் கொஞ்சம் அசைந்தாலும் பொய்யான ‘தண்ணீர்’ தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர்கள் படும் பாடும் அதேதான்.