பஞ்சுத் தூசியும் முடக்குவாத மரபணுவும்

மூட்டுவலி என்று மக்கள் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை, அவற்றுக்கும் பரம்பரைக்கும் உள்ள உறவும் நோய்க்கு நோய் வேறுபடுகிறது. முழங்கால் தேய்மானத்தில் சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்கள் வயதோடும் உடல் எடையோடும் சேர்ந்து செயல்படுகின்றன. முதுகெலும்பை இறுகச் செய்யும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கும் எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிப்பட்டது. எனினும் அவ்வகையைக் கொண்டவர்களுள் பெரும்பாலோர்க்கு அந்நோய் வருவதேயில்லை.

பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர் வட்டாரம் கூர்ந்து கவனிக்க வேண்டியது முடக்குவாதத்தையே. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் வரும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. புரதத் துண்டுகளை எதிர்ப்பணுக்களுக்கு ஏந்திக் காட்டும் மூலக்கூறை உருவாக்குகின்ற எச்.எல்.ஏ.-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகளில் ஒரே மாதிரியான அமினோ அமில வரிசை அமைந்திருப்பதும், அவ்வரிசை உடையோர்க்கு முடக்குவாத வாய்ப்பு கூடுவதும் 1987 முதல் பேசப்பட்டு வருகின்றன. ஆயினும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவிலேயே இருப்பதால், மரபணுவைத் தூண்டிவிடும் புறக்காரணங்களைத் தேடுவது இன்றியமையாததாயிற்று.

புகைபிடித்தல் அவற்றுள் முதலில் உறுதியானது. அடுத்து, மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்களை உள்ளடக்கி மலேசியாவில் நடத்தப்பட்டு 2015இன் இறுதியில் வெளியான ஆய்வு, வேலையிடத்தில் துணித்தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததைக் காட்டியது. தூசியோடு அந்த மரபணு வரிசையும் சேர்ந்தவர்களிடம், சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படும் முடக்குவாதத்தின் வாய்ப்பு 39 மடங்காகக் கணிக்கப்பட்டது. இவ்விரண்டும் அமைந்த பெண்கள் மிகச் சிலரே என்பதால் அந்த எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ளலாகாது. ஆனால் அது சுட்டும் திசை தெளிவானது. தூசி நுரையீரலில் அழற்சியை உண்டாக்க, அங்குள்ள புரதங்கள் உருமாறி, அவற்றை அந்த மரபணு வகை எதிரியாகக் காட்டிக்கொடுக்கிறது என்று விளக்கப்படுகிறது.

மலேசிய இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர் என்பதையும், நூற்பாலைகளிலும் நிட்டிங், கட்டிங், செக்கிங் பிரிவுகளிலும் பெண்கள் ஆண்டுக்கணக்கில் பஞ்சுத் தூசியிடையே உழைப்பதையும் எண்ணும்போது, இத்தகைய ஆய்வைத் திருப்பூரிலேயே விரிவாக நடத்த வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று. பிறப்போடு வந்த மரபணுவை மாற்ற இயலாது. தூசியை உறிஞ்சும் கருவியைப் பொருத்துவதும், தரமான முகக்கவசம் தருவதும் முதலாளிகளால் இயலும். காலையில் விரல் மூட்டுகள் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, வீக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், வேலைக் களைப்பென்று தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் தொழிலாளர்கள் மூட்டுவாத மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகள் உருக்குலைவதைப் பெருமளவு தடுக்கலாம்.