பரிசு இருக்கட்டும், பிளாட்பாரம் எங்கே?

சென்னை நந்தனத்தில் குடியிருந்துகொண்டு உடற்பயிற்சிக்கு வழியில்லை என்றால் ஊர் சிரிக்கும். 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி அது. ஆனால் அண்ணா சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அறுபது வயது அம்மா அந்தப் பக்கம் போவதே பெரும்பாடு. பாதி ரோட்டைத் தாண்டுவதற்குள் திரும்புகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். தப்பித்துக் கரையேறினால் பிளாட்பாரத்தில் மின்பெட்டி, அதை ஒட்டி இரண்டு பைக். மறுபடி ரோட்டில்தான் இறங்க வேண்டும்.

நடப்பவர்களுக்கு ஆசை காட்டுவதில் மட்டும் குறைவில்லை. சிங்கப்பூரில் 2015 முதல் காலடிக் கணக்குக்கு வவுச்சர் தருகிறார்கள். இங்கும் சில இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், நடந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி. 2023 நவம்பரில் பெசன்ட் நகரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. போன் காட்டும் கணக்கைப் பார்த்துத்தான் எழுந்தே வருகிறேன் என்பவர்களும் உண்டு. வரட்டும், நல்லதுதான்.

2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றது ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வு. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. பெண்களிடமும் அதே போன்தானே இருக்கிறது?

சாயங்காலம் அடுக்குமாடிகளை அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே சாக்பீஸில் எட்டு வரைந்து, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கீழே தெருவில் நடந்தால் என்ன? இரண்டு கம்பத்தில் விளக்கு எரியாது. நாய் துரத்தும். பைக்கில் சாய்ந்து நிற்பவன் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பான். அவசரத்துக்கு ஒதுங்க இடமும் கிடையாது. சர்க்கரை, மூட்டுவலி என்று டாக்டர் “தினம் நடங்கம்மா” என எழுதிக் கொடுக்கிறார். எங்கே நடப்பது என்று எழுதுவதில்லை.

பக்கத்திலேயே பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்கள். வெளிச்சம், உட்கார பெஞ்ச், சுற்றிலும் கூட்டம். இரவு எட்டு மணிக்கும் அங்கே அம்மாக்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் தேடியே ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடிவிடும். யாரும் காலடி எண்ணுவதில்லை.

இதையே உள்தெருக்களுக்கும் கேட்டால், “அப்போ காரை எங்கே நிறுத்துவது?” என்கிறார்கள். அந்தக் கவலையும் நியாயம்தான். தெருவிளக்கு எரிவதற்கும், ராத்திரி ஒன்பது மணிவரை திறந்திருக்கும் ஒரு லேடீஸ் டாய்லெட்டுக்கும் எந்தக் காரையும் நகர்த்த வேண்டாமே?