இலண்டனில் ஒரு தேயிலைத் தெரு

எங்கள் மலைநாட்டுத் தேயிலைக்கு விலை குறித்த தெரு எதுவென்று பூண்டுலோயா மாணவரைக் கேட்டால் விழிப்பர். இலண்டன் மாநகரின் மின்சிங் லேன் என்பதே அது. அதனைக் காணும் வேட்கையால், அந்நகர்வாழ் நண்பர் இருவரோடு வெஸ்ட் ஹாம் நிலையத்தில் புகைவண்டி ஏறினேன். (புகை போயிற்று, சொல் மட்டும் நிற்கிறது.) 1841இல் திறக்கப்பெற்ற பென்சர்ச் தெரு நிலையத்திலிருந்து அவ்விடம் கூப்பிடு தொலைவே.

1834 முதல் நூறாண்டுக்கு மேலாகத் தேயிலை ஏலம் நிகழ்ந்த தெரு அது. ஆங்கே சுத்தியல் விழும் ஓசைக்கு ஈங்கே எம்மவர் அடுப்பு எரிந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, இலங்கைத் தோட்டங்களில் குறைந்தபட்ச நாட்சம்பளத்தையே வெட்டினர். இன்றோ கண்ணாடி மாளிகைகள். தேயிலை மணம் மருந்துக்கும் இல்லை.

இலண்டனின் கடைசித் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29இல் வேறொரு மண்டபத்தில் நடந்தது. இறுதியாக விலைபோனது புசல்லாவைப் பக்கத்து எல்பொடத் தோட்டத்துப் பெட்டி: 44 கிலோ, கிலோ ஒன்று 555 பவுண்! அறப்பணிக்கென ஏற்றிய விலை அது.

இதனைச் சொன்னதும், “ஐயா, கொழுந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சேதி எட்டியிருக்குமா?” என்றார் ஒரு நண்பர். நிலையம் திரும்பும்வரை அதே பேச்சு.