தம்பி கேட்கும் மோட்டார் சைக்கிள்

பெற்றோர்களே! பள்ளி முடித்த பையன் யமஹா ஆர்15 கேட்கிறானா? உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம்.

155 சிசி, 6 கியர், ஏறக்குறைய 140 கிலோ. பந்தயப் பாணி வண்டிகளில் இது இலேசானதுதான். கிளட்ச் பிடிக்கக் கை வலிக்காது. 250 சிசி வரை ஓட்டும் பி2 லைசென்ஸ் போதும்.

ஆனால் கப்சாயில் பழகிய இடக்கைக்குக் கிளட்ச் புதிது. குனிந்து ஓட்டுவதால் பாரம் மணிக்கட்டில் விழும். இருக்கை உயரம் 815 மில்லிமீட்டர். கால் தரையில் ஊன்றுகிறதா பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்பிரேக்கை அழுத்தினால் சறுக்கிவிடும்.

முதலில் திடலில் பழகட்டும். பாரோயைத் தாண்டிய புக்கிட் பூத்துஸ் வளைவுகள் பிறகு. தவணைப் பணத்தோடு நல்ல தலைக்கவசத்துக்கும் ஒதுக்குங்கள். வண்டி போனால் வேறு வாங்கலாம். பிள்ளைக்கு எங்கே போவது?